பூட்டாத அலமாரி

காலையில் ஆறரை மணிக்கு இராஜகுமாரி பெரட்டுக் கூப்பிடுவார்.

தோட்டத்தில் பெரட்டு என்பது, கொழுந்தெடுக்க மலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் கூடி நின்று பெயர் கொடுக்கும் வழக்கம். யார் வந்திருக்கிறார், யாருக்கு இன்றைக்கு எந்த மலை என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அங்கே வைத்துத்தான் பிரித்துவிடுவார். அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து, நோர்வேயிலிருந்து ஒரு தவணை படிக்க வந்திறங்கிய எட்டு மாணவர்களுக்கு வைத்துவிட்டார் அவர்களின் உள்ளூர்ப் பொறுப்பாளரான இராஜகுமாரி. தலவாக்கலைக்கு மேலே, கல்லுமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஒருகாலத்தில் தோட்டத்து மருந்துக்காரர் குடியிருந்த பழைய குவாட்டஸ்தான் எங்கள் நிலையம். அதன் முற்றத்தில், போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு எட்டுப் பேரும் வரிசையாக நிற்பார்கள். இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் இராஜகுமாரியைவிட ஒரு முழம் உயரம்.

"யோனாசு!"

"இருக்கேங்க!"

"செல்வி!"

செல்வி என்பது சில்யே என்ற பெண். வந்த அன்றே அவள் பெயர் அப்படி மாறிவிட்டது, அவளும் மறுக்கவில்லை. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் இராஜகுமாரி வரிசையோடு நடந்து ஒவ்வொரு முகத்தையும் அண்ணாந்து பார்ப்பார்.

"இது என்ன அக்கா, இராணுவம் மாதிரி?" என்று முதல் நாள் கேட்டேன்.

"நீங்க போன்ல தட்டித் தட்டி எண்ணுறீங்க மிஸ். எண்ணிக்கை சரியா இருந்தா ஆளு சரியா இருக்குன்னு அர்த்தமா? மூஞ்சியப் பாக்கணும். இந்தா, இந்த யோனாசப் பாருங்க. ராத்திரி பூரா தூங்கல. வீட்டு நெனப்பு, பாவம்."

யோனாஸ் வீட்டு நினைப்பில் விழித்திருக்கவில்லை. விடியும்வரை போனில் காற்பந்து விளையாடியிருக்கிறான். அதைச் சொன்னபோது இராஜகுமாரி கொஞ்சமும் அசரவில்லை.

"தூங்கலன்னு சொன்னேன்ல? அது சரிதானே?"

நான் அந்த மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து, நோர்வேயின் பேர்கன் நகரிலிருந்து அவர்களோடு கூட வந்த விரிவுரையாளர். இதே மலையகத்தின் நோர்வூட்டில் பிறந்து, பள்ளிப்படிப்பைப் பாதி தமிழிலும் மீதி ஆங்கிலத்திலும் முடித்து, கடல் தாண்டிப்போய்ப் பல வருடமாகிவிட்டது. கவலைப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வீட்டில் சொல்வார்கள். அட்டை கடித்தால், தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால், ரயில் வாசலில் தொங்கினால், யாராவது காணாமற்போனால் என்று ஒவ்வொன்றுக்கும் என் பையில் ஒரு தாள் இருந்தது. இத்தனை தாளையும் பார்த்த இராஜகுமாரி, "இம்புட்டையும் நெனச்சுக்கிட்டு எப்புடிங்க மிஸ் சோறு எறங்குது?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பல்கலைக்கழகம் இங்கே பிள்ளைகளை அனுப்புவது இதுதான் முதல் முறை. இரண்டாவது வாரம் முடிய நான் ஓர் அறிக்கை அனுப்பவேண்டும். தோட்டத்துக்குள் பிள்ளைகள் நலமாகவும் பத்திரமாகவும் இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தால் நிலையம் தொடரும். இல்லையென்றால் எல்லோரையும் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு மாற்றிவிடுவார்கள். கல்லுமலை நிலையம் மூடப்படும், இராஜகுமாரியின் வேலையும் அதோடு போகும். இதை மறைப்பது சரியில்லை என்று வந்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "போச்சுன்னா மறுபடியும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான். என்னைய குவைத்துக்கு அனுப்புன கொழும்பு ஏஜென்ட் இன்னும் நல்ல நாளு பெரிய நாளுக்கு மெசேஜ் போடுறான் மிஸ், 'அக்கா சொகமா'ன்னு. என் சொகத்துல அவனுக்கு அம்புட்டு அக்கறை."

சிரித்தாரே தவிர, அன்று மாலை முழுக்கப் பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தார்.

கீழ்ப்பிரிவின் தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில் பிறந்தவர் இராஜகுமாரி. சாதாரணதரப் பரீட்சை வரை படித்துவிட்டுக் கொஞ்ச காலம் கொழுந்தெடுத்தார். பிறகு வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனார். போனது ஒரு வீட்டுக்கு. அங்கேயே ஒன்பது வருடம். திரும்பி வந்த பிறகுதான் கல்யாணம். கணவர் தம்பிஐயா தலவாக்கலையில் ஓட்டோ ஓட்டுகிறார். தம்பிஐயா பேச்சில் கெட்டிக்காரர்.

"நான் கட்டுனது இவ குவைத்துல இருந்து கொண்டாந்த ரைஸ் குக்கரத்தாங்க மிஸ். அது கூடவே இவளும் வந்துட்டா."

"அந்தக் குக்கர் போன வருசமே செத்துப்போச்சு. நீங்களும் கெளம்புங்களேன்," என்பார் இராஜகுமாரி, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

குவாட்டஸை வாடகைக்கு எடுத்து அவ்வப்போது தங்கிப்போன வெளிநாட்டுத் தொண்டர்களுக்குச் சமைக்கத்தான் முதலில் அவரை வைத்தார்கள். வந்தவர்கள் காய்ச்சலில் படுத்தபோதும், பஸ்ஸைத் தவறவிட்டபோதும், சிங்களத்தில் பொலிஸாரிடம் பேச நேர்ந்தபோதும் இவர்தான் நின்றார். ஆகவே நாங்கள் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரைத் தேடியபோது வேறு பெயர் எதுவும் வரவில்லை.

முதல் சண்டை இரண்டாம் நாளே வந்தது. பல்கலைக்கழகத்தின் கையேட்டில், மாணவர்களின் கடவுச்சீட்டுகளை உள்ளூர்ப் பொறுப்பாளர் வாங்கிப் பூட்டி வைக்கவேண்டும் என்று ஒரு வரி உண்டு. குவாட்டஸில் அதற்குத் தோதாக மருந்துக்காரர் விட்டுப்போன அலமாரி ஒன்று இருந்தது. கனத்த மரம், நல்ல பூட்டு. நான் எட்டுக் கடவுச்சீட்டுகளையும் சேகரித்து இராஜகுமாரியிடம் நீட்டினேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார், ஆனால் நீட்டவில்லை.

"இது நம்மளுக்கு வேணாங்க மிஸ்."

"தொலைந்துவிடக் கூடாதே அக்கா. பத்திரத்துக்காக."

"அவங்களும் அதத்தான் சொன்னாங்க."

அவங்க என்றால் குவைத்து மேடம். அந்த வீட்டில் தங்க விளிம்பு போட்ட கோப்பைகள் அடுக்கிய ஒரு கண்ணாடி அலமாரி இருந்ததாம். அதன் கீழ் இழுப்பறையில் இராஜகுமாரியின் கடவுச்சீட்டு.

"அந்த அலமாரியத் தெனம் தொடச்சது நான்தாங்க. பித்தளைக் கைப்பிடி. பளபளன்னு வச்சிருப்பேன். சாவி மேடத்தோட கழுத்துல. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். எங்க அம்மா செத்த சேதி வந்தப்போ என்னைய கட்டிப்புடிச்சு அழுதாங்க. ஆனா அழுறப்பவும் சாவி கழுத்துலதான் கெடந்துச்சு."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, ஓடிவிட்டார். நான் கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையேட்டின் அந்த வரிக்குப் பக்கத்தில் 'தற்காலிகமாக இல்லை' என்று பென்சிலால் எழுதினேன். இரவெல்லாம் எனக்கு அந்த எட்டுச் சிவப்புப் புத்தகங்களும் எட்டு இடத்தில் கிடப்பதே நினைப்பாக இருந்தது. அலமாரியில் இராஜகுமாரி ஜாம் போத்தல்களையும், தனக்கென்று வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தையும் வைத்தார். பூட்டவில்லை.

நாலாம் நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாத் தொடங்கியது. கொடி ஏறியதும் வேண்டுதல்காரர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் தடவிய நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கோத்து, பூசாரி மணிக்கட்டில் கட்டிவிடுவார். கட்டியவர்கள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை மாமிசம் தொடக் கூடாது, தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது, கடைசி நாள் பால்குடம் எடுக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஏழு பேரைக் கண்ணால் எண்ணிவிட்டு எட்டாவது எங்கே என்று தேடும்போது, சில்யே கையை உயர்த்திக்கொண்டு சந்தோஷமாக வருகிறாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"மிஸ், எனக்கும் தந்தார்கள்! வரிசை இருந்தது, நின்றேன்."

அவர்கள் ஊரில் வரிசையைக் கண்டால் கடைசியில் போய் நின்றுகொள்வது நல்ல பழக்கம். தேங்காய்த் தட்டோடு வந்த இராஜகுமாரி கயிற்றைப் பார்த்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஐயோ செல்வி, இது வரவேக்கிறதுக்குக் கட்டுற கயிறு இல்ல புள்ள."

விதிகளை நான் மொழிபெயர்த்தேன். சில்யே பாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ஏற்கெனவே மாமிசம் உண்ணாதவள். "இரவில் நான் எங்கே போகப்போகிறேன்?" என்றாள். பால்குடம் எடுக்கலாம் என்றதும் முகம் மலர்ந்தது. சரி, பிள்ளைக்கு ஆசைதானே என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

ஆனால் இராஜகுமாரி மட்டும் பெரட்டில் அவள் முன்னால் கூடுதலாக ஒரு நிமிடம் நிற்கத் தொடங்கினார். "இந்தப் புள்ள சிரிக்குது மிஸ், ஆனா சிரிச்சு முடிச்சோன்ன மூஞ்சி எங்கேயோ போயிருது," என்றார். யோனாஸ் விஷயத்தில் நடந்ததை நினைத்து நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஏழாம் நாள் பெரட்டுக்குச் சில்யே பெட்டியோடு வந்து நின்றாள்.

"செல்வி!"

"இருக்கேங்க. ஆனால் நான் வீட்டுக்குப் போகிறேன்."

மற்ற ஏழு பேரும் சட்டென்று தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கொழும்பிலிருந்து மறுநாள் இரவு விமானம், டிக்கெட் எடுத்துவிட்டாள். யாராவது ஏதாவது சொன்னார்களா, செய்தார்களா என்று நான் பதறிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் கற்றுக்கொடுத்த புத்தகத் தமிழில், சொல் சொல்லாகத் தேடி அடுக்கினாள்.

"எல்லாரும் மிகவும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். லயத்துக்குப் போனால் சாப்பிட்டியா. வெளியே வந்தால் எங்கே போறே. குளித்தால் வெந்நீர் போதுமா. ஒரு நிமிடமும் நான் தனியாக இல்லை. எனக்கு மூச்சு வரவில்லை. தூக்கமும் வரவில்லை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். என் மனதில் ஓடியது அறிக்கைதான். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு மாணவி விலகிப்போனால் மற்ற எதை எழுதினாலும் அதை யாரும் படிக்கப்போவதில்லை.

இராஜகுமாரியைச் சமையலறைக்குள் அழைத்தேன்.

"அக்கா, அவள் கையில் காப்பு இருக்கிறது. திருவிழா முடியும்வரை போக முடியாது என்று சொன்னால் கேட்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை. அதற்குள் பழகிவிடுவாள், அறிக்கையும் போய்விடும். நாங்கள் பொய் சொல்லவும் இல்லை. உள்ளதைத்தான் சொல்கிறோம்."

இராஜகுமாரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நல்ல யோசனைதாங்க மிஸ். பெட்டியப் பாத்தோன்ன எனக்கும் மொதல்ல அதுதான் தோணுச்சு."

"பிறகென்ன?"

துருவல் நின்றது. "டிராயருக்குள்ள போட்டுப் பூட்டுனாலும், கையில கட்டி விட்டாலும், போறவள நிறுத்தறதுக்குன்னு எடுத்தா ரெண்டும் ஒன்னுதாங்க. எனக்கு வேல போகும். தெரியுது. போனா தம்பிஐயாவுக்கு ரெண்டு மாசம் நல்லாப் பொழுது போகும், பொலம்பிக்கிட்டே இருப்பாரு. அதுக்காக நான் அந்த மேடம் ஆக ஏலாது."

அதற்குள் செய்தி கோயில்வரை போய்விட்டது. தோட்டத்தில் ஒரு பெட்டி வாசலுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். நாங்கள் சில்யேயையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனபோது, திருவிழாக் கமிட்டித் தலைவர் செல்லசாமி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பூசாரி கந்தப்பன், தேயிலைத் தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில், மேற்சட்டையின் பொத்தானைக் கழற்றுவதா போடுவதா என்று தெரியாமல் நின்றார்.

"எனக்கு எப்புடிங்க தெரியும்?" என்று எங்களைக் கண்டதுமே தொடங்கிவிட்டார் கந்தப்பன். "வரிசையில நின்னுச்சு. கைய நீட்டுச்சு. நம்ம புள்ளைங்க கும்புடுறதவிட நல்லாவே கும்புட்டுச்சு!"

"ஒங்கள யாரும் கொற சொல்லல பூசாரி," என்றார் செல்லசாமி. பிறகு இராஜகுமாரியின் பக்கம் திரும்பினார். "இந்தா ராஜகுமாரி, கயிறு கட்டுன ஆளு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது. நாளைக்கு மலையில ஒரு மரம் விழுந்தாலும் சனங்க இதத்தான் சொல்லும்."

"மரம் விழுந்தா வெட்டி வெறகாக்கலாம் தலைவரே."

"கிண்டலா? ஒன் பேச்ச நம்பித்தானே இந்தப் புள்ளைங்கள இங்க தங்கச் சம்மதிச்சோம்? பாஸ்போட்டு எல்லாத்தையும் வாங்கி உள்ள வச்சிருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது. குவைத்துல கத்துக்கிட்ட சட்டத்த இங்க கொண்டாராத."

"நீங்க சொல்றதுதாங்க குவைத்துச் சட்டம். அதத்தான் வேணாங்குறேன்."

செல்லசாமி பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டார். அவருடைய மூத்த மகளும் இப்போது சவூதியில் வீட்டு வேலையில் இருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அங்கே நின்ற மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.

இராஜகுமாரி பூசாரியின் முன்னால் போய்த் தன் இடது கையை நீட்டினார்.

"செல்வி கையில இருக்கிறத அவுத்து எனக்குக் கட்டுங்க. அந்தக் கயித்தோட வேண்டுதல நான் முடிக்கிறேன். ராத்தங்கறதும் நான், பால்குடமும் நான்."

கந்தப்பன் தயங்கினார். "இப்புடி மாத்திக் கட்டி நான் பாத்ததில்லையே. பூக்கட்டிப் போட்டு ஆத்தாளக் கேப்போமா? வெள்ளப் பூ வந்தா சரி, செவப்பு வந்தா..."

"செவப்பு வந்தாலும் அந்தப் புள்ள போகும். டிக்கெட்டு போட்டாச்சு. எதுக்கு ஆத்தாளக் கேட்டு அவளுக்குச் சங்கடத்தக் குடுக்கிறீங்க? கட்டுங்க."

கூடி நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கந்தப்பன் செல்லசாமியைப் பார்த்தார். செல்லசாமி கொடிமரத்தைப் பார்த்தார்.

"கட்டுங்க பூசாரி," என்றார் கடைசியில். "ஆனா ஒன்னு. இவ கருவாடு இல்லாம ஒருநாள் இருந்து நான் பாத்ததில்ல. அம்மன் இவளச் சோதிக்கிறதா இருந்தா அதுலதான் சோதிக்கணும்."

சில்யே கையை நீட்டிக்கொண்டு, நடப்பது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்றாள். கயிறு அவிழ்ந்தது. இராஜகுமாரியின் மணிக்கட்டுக்கு நூல் நீளமாக இருந்தது. பூசாரி ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டினார்.

குவாட்டஸுக்கு வந்ததும் இராஜகுமாரி செய்த முதல் வேலை, மருந்து அலமாரியில் கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, ஜாம் போத்தல்களை வெளியே எடுத்ததுதான். அலமாரியைப் பூட்டினார். சாவியை என்னிடம் கொடுத்தார்.

"கேட்டாலும் குடுக்காதீங்க. என்னைய நம்பாதீங்க. ஆனா கழுத்துல மட்டும் போட்டுக்காதீங்க மிஸ்."

தம்பிஐயாவின் ஓட்டோவில் நாங்கள் தலவாக்கலை ரயில் நிலையத்துக்குப் போனோம். பகலில் எல்லையைத் தாண்டலாம் என்பதால் இராஜகுமாரியும் வந்தார். பாணுக்கு நடுவே ஜாம் தடவி, ஒரு பொட்டலம் கட்டியிருந்தார். சில்யேக்குக் காலையில் ரொட்டியும் சம்பலும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ரயில் வரும் சத்தம் கேட்டபோது கேட்டார்:

"பாஸ்போட் இருக்கா? காட்டு பாப்போம்."

சில்யே எடுத்துக் காட்டினாள். இராஜகுமாரி அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"சரி. உள்ள வையி. ஏர்போட்ல கேட்டாக் குடு. வேற யாரு கேட்டாலும் குடுக்காத. நானே கேட்டாலும்."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். ரயில் நின்று புறப்படும் அந்தச் சின்ன நேரத்துக்குள் அழுது, மூக்கைச் சிந்தி, ஏறிவிட்டாள். நானும் அவளோடு கொழும்புவரை போனேன். கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில், தெரிந்தவர்களின் பொறுப்பில் அவளை விட்டுவிட்டு, மற்ற ஏழு பேரை நினைத்து விடியற்காலைப் பஸ்ஸில் திரும்பினேன்.

அந்த இரவு விமானம் புறப்படும் நேரத்தில் சில்யேயிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'நான் இன்னும் விடுதியில் இருக்கிறேன். தூங்கப்போகிறேன். கூப்பிடவேண்டாம்.' நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பதற்காகப் போனை இராஜகுமாரியிடம் கொடுத்து வைத்தேன். அவர் அதை அரிசி வாளியின் மேல் வைத்துவிட்டு, "என் சாவிக்கு ஒங்க போனு, சரியாப் போச்சு" என்றார். மறுநாள் முழுக்கச் சத்தமில்லை. பெரட்டில் செல்வியின் பெயரை அவர் கூப்பிடவில்லை; ஆனால் அவள் நிற்கும் இடத்தில் யாரையும் நிற்க விடவுமில்லை. யோனாஸ் ஒருமுறை தவறி அங்கே நின்றுவிட்டு, ஒரு பார்வையில் நகர்ந்தான்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் தம்பிஐயாவின் ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டே மேடேறி வந்தது.

"அந்தா, பஸ்ஸ்டாண்டுல ஒரு சவாரி கெடச்சுச்சு!" என்று அங்கிருந்தே கத்தினார். "வெள்ளக்கார சவாரி! பேரம் பேசுது, தமிழ்ல!"

சில்யே இறங்கினாள். நன்றாகத் தூங்கிய முகம். அது எனக்கே தெரிந்தது. கொழும்பிலிருந்து ஹட்டன் பஸ் பிடித்து, அங்கே மாறி, தனியாகவே வந்திருக்கிறாள். ஏன் போகவில்லை என்று நான் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். இன்றுவரை அவள் அதற்குச் சரியாகப் பதில் சொன்னதில்லை. நேரே இராஜகுமாரியிடம் போய் நின்று, வழியெல்லாம் தயார்செய்து வந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"எனக்கு ஒரு மணித்தியாலம் வேணும். ஒவ்வொரு நாளும். கதவு மூடி. யாரும் 'சாப்பிட்டியா' கேக்கக் கூடாது."

இராஜகுமாரி இடுப்பில் கையை வைத்தார். "அரை மணி."

"ஒரு மணி."

"சரி. ஆனா தேத்தண்ணியக் கதவுக்கிட்ட வச்சிட்டுப் போவேன்."

சில்யே யோசித்தாள். "தட்டக் கூடாது."

"தட்ட மாட்டேன். ஆறிப்போனா என்னையச் சொல்லக் கூடாது."

அப்படித்தான் ஒப்பந்தமானது. லயத்துச் சனங்களுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் சிரமமாக இருந்தது. புள்ளைக்கு ஏதோ நேர்த்தி என்றும், தினமும் ஒரு மணி நேரம் மௌன விரதம் என்றும் தம்பிஐயா பரப்பிவிட்டார். அதன் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த நேரத்தில் கதவைக் கடந்துபோகும் பெண்கள் மெதுவாகக்கூட நடந்தார்கள்.

நான் அறிக்கையை எழுதினேன். நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: ஒரு மாணவி விலக நினைத்தாள், தடுக்கவில்லை, போனாள், தானாகத் திரும்பி வந்தாள். கடவுச்சீட்டுகள் பூட்டப்படவில்லை, பூட்டப்போவதுமில்லை. அனுப்பிவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்தேன். இராஜகுமாரி பெரட்டில் என் முகத்தையும் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கஞ்சி வைத்துத் தந்தார்.

பால்குட நாளன்று நல்ல மழை. இராஜகுமாரி தலையில் குடத்தோடு, வெறுங்காலோடு, லயத்துப் படிகளில் ஏறினார். சில்யே பக்கத்திலேயே குடையோடு நடந்தாள். குடத்துக்குப் பிடிப்பதா ஆளுக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் நனைத்தாள். "என் குடம்," என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். "இவங்க தூக்குறாங்க."

"தூக்குறேன்ல, பேசாம வா," என்றார் இராஜகுமாரி, உதட்டை அசைக்காமல்.

அன்று மாலை பேர்கனிலிருந்து பதில் வந்தது. நிலையம் கல்லுமலையிலேயே தொடரும். அடுத்த தவணைப் பிள்ளைகளும் இங்கேதான். உள்ளூர்ப் பொறுப்பாளரின் நியமனம் நீடிக்கப்படுகிறது. கடவுச்சீட்டு பற்றிய வரியை நீக்குவது குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்றால் அது எந்தக் காலத்தில் முடியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாசித்துக் காட்டினேன்.

இராஜகுமாரி இரண்டு தரம் கேட்டார். பிறகு தன் போனை எடுத்து, ஏஜென்டின் பெயரைத் தேடி, 'நான் சொகம்' என்று ஒரு மெசேஜ் அனுப்பினார். வேறொன்றும் எழுதவில்லை.

மறுநாள் மஞ்சள் நீராட்டு. கந்தப்பன் காப்பை அவிழ்த்தார். மலையில் எந்த மரமும் விழவில்லை என்பதைச் செல்லசாமி இராஜகுமாரியிடம் தானாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார். முகமெல்லாம் மஞ்சள் தண்ணீரோடு குவாட்டஸுக்கு ஓடிவந்த இராஜகுமாரி, என் முன்னால் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க மிஸ்!"

கொடுத்தேன். அலமாரியைத் திறந்தார். இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த கருவாட்டு வாசம் அறை முழுக்க இறங்கியது. யோனாஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் சட்டியில் எண்ணெய் சீறியது. சில்யேயின் கதவு மூடியிருந்தது. வாசற்படியில் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா! என்ன நாத்தம் இது?"

"மணி இன்னும் முடியல செல்வி!" என்று கத்தினார் இராஜகுமாரி, கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி. "பேசக் கூடாது!"